பேஷண்ட்டைப் பாத்துக்கறவங்க உடம்புல ஸ்ட்ரெஸ் ஹார்மோன் என்ன பண்ணுது, அதை எப்படி இறக்கறது

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில இருந்த ரெண்டாவது வருஷம், அரிவாள்மனைல வாழைக்காய் நறுக்கும்போது எனக்கு இடது கை ஆள்காட்டி விரல் வெட்டிடுச்சு. தையல் போடற அளவுக்கெல்லாம் இல்ல, சின்ன காயம் தான், ஆனா ஆறவே மாட்டேங்குது. மஞ்சள் வச்சுப் பாத்தேன், ஆயின்ட்மென்ட் போட்டேன், ஒரு மாசம் ஆகியும் பாத்திரம் தேய்க்கும்போது லேசா பட்டா திரும்ப ரத்தம் கசியுது. சுகரா இருக்குமோன்னு பயந்துபோய் டெஸ்ட் எடுத்தேன், நார்மல்னு வந்துச்சு.

அப்போ தான் இதைப் பத்தி தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். 1995ல அமெரிக்காவுல ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டில ஜேனிஸ் கீகோல்ட்-க்ளேசர்னு ஒருத்தங்களும் அவங்க டீமும் ஒரு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, வீட்டுல மறதி நோய் வந்த சொந்தக்காரங்களைப் பாத்துக்கற பொம்பளைங்க 13 பேர், அதே வயசு அதே வருமானம் ஆனா அந்தப் பொறுப்பு இல்லாதவங்க 13 பேர், எல்லாருக்கும் கையில மூணரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே மாதிரி சின்ன காயம் பண்ணி எத்தனை நாள்ல ஆறுதுன்னு பாத்தாங்க. மத்தவங்களுக்கு சராசரியா 39 நாள், பேஷண்ட்டைப் பாத்துக்கறவங்களுக்கு கிட்டத்தட்ட 49 நாள். இதைப் படிச்சதும் என் விரலைப் பாத்து அழுதுட்டேன், ஏன்னா அது வரைக்கும் எனக்கு ஒண்ணுமே இல்ல, நோயாளி அப்பா தான், நான் சும்மா அசதியா இருக்கேன், அவ்ளோ தான்னு நெனச்சுட்டிருந்தேன்.

வீட்டுல படுக்கையில இருக்கவங்களைப் பாத்துக்கற எல்லாருக்காகவும் தான் இதை எழுதறேன். அவங்களோட பிபி, சுகர், யூரின் எவ்ளோ போச்சுன்னு எல்லாத்தையும் நோட்டுல எழுதறோம், நம்ம உடம்புக்குள்ள என்ன ஓடுதுன்னு யாரும் எழுதறதில்ல. அது தெரிஞ்சா எந்த நேரத்துல என்ன பண்ணணும்னு தெரியும், பண்ணினா வித்தியாசமும் தெரியும், எனக்குத் தெரிஞ்சுது.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ரெண்டு அலையா வரும், ஒண்ணு நொடில வந்து நிமிஷத்துல போறது, இன்னொண்ணு மெதுவா வந்து மணிக்கணக்கா நிக்கறது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

முதல் அலை

ராத்திரி 2 மணி, அப்பாவுக்குப் புரையேறுற சத்தம் கேக்குது. நமக்கு முழிப்பு வர்றதுக்கு முன்னாடியே கால் தரையில இருக்கும், கை அவர் தலையைத் தூக்கிட்டிருக்கும். இதைப் பண்றது அட்ரினலின். மூளைக்குள்ள அமிக்டலான்னு பாதாம் பருப்பு சைஸ்ல ஒரு பகுதி இருக்கு, ஆபத்தான சத்தம்னு அது நெனச்ச உடனே மூளையோட அடிப்பக்கம் இருக்க ஹைப்போதலாமஸ்ங்கற பகுதிக்குச் சொல்லுது, அங்கேர்ந்து முதுகுத்தண்டு வழியா நரம்பு நேரா கிட்னி மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பிக்குப் போகுது. அந்தச் சுரப்பி ஒண்ணு நாலஞ்சு கிராம் தான் இருக்கும். அதோட உள்பக்கத்துலேர்ந்து அட்ரினலின் ரத்தத்துல கொட்டுது, எல்லாம் சில நொடிக்குள்ள.

நம்ம ஊர்ல பயத்துக்கு சொல்ற வார்த்தையெல்லாம் இந்த அட்ரினலினோட வேலையைத் தான் சொல்லுது, நம்ம பாட்டிங்க எவ்ளோ கூர்ந்து கவனிச்சிருக்காங்கன்னு ஆச்சரியமா இருக்கு. நெஞ்சு படபடங்குது, கை வெலவெலங்குது, இது ரெண்டும் நேரடியா அட்ரினலின் தான். நாக்கு மேல ஒட்டிக்குது, ஏன்னா எச்சில் சுரக்கறது கொறையுது. வயித்துல புளியைக் கரைக்குதுன்னு சொல்றோமே, குடலுக்குப் போற ரத்தம் கொறஞ்சு கை கால் தசைக்குத் திரும்பும்போது வர்ற உணர்வு அது. கூடவே மூளைல சுரக்கற சிஆர்எச்னு ஒரு ஹார்மோன் பெருங்குடலை வேகமா ஓட வைக்கும், அதான் அவசரமா பாத்ரூம் வருது.

இந்த அலை வரும்போது அதைத் தடுக்கப் பாக்காதீங்க, அது உங்களுக்கு உதவி. அந்த நேரம் அப்பாவை ஒருக்களிச்சுப் படுக்க வைக்கற பலம் அதுலேர்ந்து தான் வருது. அட்ரினலின் ரத்தத்துல ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒருதடவை பாதியா கொறஞ்சுட்டே போகும், அதனால ஆபத்து முடிஞ்ச பிறகு இன்னொரு பத்து நிமிஷத்துல தானாவே இறங்கிடும். ஆனா நாம இறங்க விடமாட்டோம், இருமல் நின்னதும் உடனே போனை எடுத்து அண்ணனுக்குக் கூப்பிட்டு கத்துவோம், இல்லன்னா நான் ஏன் தலையணையை உயரமா வைக்கலன்னு நமக்குள்ளயே திட்டிக்குவோம், அப்போ அமிக்டலா இன்னும் ஆபத்து முடியலன்னு நெனச்சு மறுபடி கொட்டும்.

அதனால அந்தப் பத்து நிமிஷத்துல பண்ண வேண்டியது இது தான். அவர் மூச்சு சீராயிடுச்சுன்னு பாத்துட்டு அதே கட்டில் பக்கத்துலயே உக்காருங்க, நாலு எண்ணி மூச்சை இழுங்க, ஆறு எண்ணி விடுங்க, விடறது தான் நீளமா இருக்கணும். மூச்சு விடும்போது மூளைலேர்ந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்பு வேலை செஞ்சு இதயத்துடிப்பு கொஞ்சம் கொறையும், உங்க மணிக்கட்டுல நாடியைப் பிடிச்சுட்டுப் பண்ணினா நீங்களே பாக்கலாம். இந்தக் கணக்குல நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். எண்ணிட்டிருக்க பொறுமை இல்லன்னா பழகின ஜபம், ஸ்லோகம், எதையாவது முணுமுணுங்க. 2001ல இத்தாலில லூசியானோ பெர்னார்டின்னு ஒரு டாக்டர் டீம், ஒரே ஆளுங்களை ஜெபமாலையும் மந்திரமும் சொல்ல வச்சு அளந்து பாத்தப்போ ரெண்டுலயுமே மூச்சு தானாவே நிமிஷத்துக்கு ஆறு பக்கம் வந்து நின்னுச்சு. எங்கம்மா கஷ்டம் வந்தா சஷ்டி கவசத்தை மெதுவா சொல்லிட்டே இருப்பாங்க, அது எப்படி உதவுதுன்னு இதைப் படிச்சப்போ தான் எனக்குப் புரிஞ்சுது. குளிர்ந்த தண்ணில முகம் கழுவறதும் துடிப்பைக் கொறைக்கும். கை நடுக்கம் நிக்கலன்னா வீட்டுக்குள்ளயே பத்து தடவை நடங்க, தசைக்குன்னு வந்த சக்தி தசைலயே செலவாகட்டும்.

ரெண்டாவது அலை

சரி, பத்து நிமிஷம் ஆச்சு, துடிப்பு இறங்கிடுச்சு, படுக்கறோம், தூக்கம் வரல. மூணு மணி ஆகுது, மூணரை ஆகுது, கண்ணு எரியுது ஆனா மூளை முழிச்சுட்டிருக்கு. இது கார்டிசால். ஹைப்போதலாமஸ்லேர்ந்து நான் சொன்ன அதே சிஆர்எச் பக்கத்துல இருக்க பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய், அங்கேர்ந்து ஏசிடிஎச்னு இன்னொரு ஹார்மோன் ரத்தத்துல கலந்து கீழ அட்ரினலுக்கு வந்து, சுரப்பியோட வெளிப்பக்கம் கார்டிசால் தயார் பண்ணி அனுப்பும். நரம்பு வழியா இல்லாம ரத்தம் வழியா போறதால லேட் ஆகும், பயந்த நேரத்துலேர்ந்து இருபது முப்பது நிமிஷத்துல தான் உச்சத்துக்கு வரும், அப்புறம் பாதியா கொறையவே ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும்.

இந்தக் கணக்கு தெரியாம நான் எத்தனை ராத்திரி தலையணையோட சண்டை போட்டிருக்கேன், ஏன் தூக்கம் வரல, காலைல எப்படி எந்திரிப்பேன், அப்பாவுக்கு யார் கஞ்சி ஊத்துவாங்கன்னு, அந்தக் கவலையே இன்னொரு அலையைக் கொண்டு வந்துடும். இப்போ என்ன பண்றேன்னா, ராத்திரி பெருசா ஏதாவது நடந்துச்சுன்னா கடிகாரத்தைப் பாத்து ஒரு மணி நேரம் எனக்கு தூக்கம் வராது, வரவும் வேணாம்னு முடிவு பண்ணிடறேன். சின்ன விளக்கு போட்டுட்டு உக்காந்து துணி மடிக்கறேன், வெந்நீர் குடிக்கறேன், போனைத் தொடறதில்ல. காபி கண்டிப்பா இல்ல. அந்த ஒரு மணி நேரம் கழிச்சுப் படுத்தா பெரும்பாலும் தூங்கிடறேன்.

கார்டிசாலைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும், இப்போ யூட்யூப்ல, ரீல்ஸ்ல எல்லாம் அதை விஷம் மாதிரி பேசறாங்க, கார்டிசால் டீடாக்ஸ்னு ஜூஸ் விக்கறாங்க. அது விஷம் இல்ல. அது இல்லாம உயிரே நிக்காது, அட்ரினல் சுரப்பி கெட்டுப்போனா ஆள் எப்படி இளைச்சு, பிபி விழுந்து, தோல் கறுத்துப் போவாங்கன்னு 1855லயே தாமஸ் அடிசன்னு லண்டன் டாக்டர் எழுதி வச்சுட்டார், அந்த நோய்க்கு அவர் பேரு தான். தினமும் விடியக்காலைல நம்ம எல்லாருக்கும் கார்டிசால் ஏறும், எந்திரிச்ச அரை மணி நேரத்துல இன்னும் கொஞ்சம் ஏறும், அதுல தான் எந்திரிச்சு நடமாடற தெம்பே வருது, பகல்ல இறங்கிட்டே போய் நடுராத்திரி பக்கம் ரொம்பக் கம்மியாகும். லிவர்ல சுகர் தயாரிக்க வைக்கறது, பிபியைத் தாங்கறது, வீக்கத்தை அடக்கறது எல்லாம் அதோட வேலை.

பிரச்சனை எங்கன்னா, இறங்க வேண்டிய நேரத்துல இறங்காம இருக்கறது. காயம் ஆறணும்னா முதல்ல அந்த இடத்துல கொஞ்சம் வீங்கி, சிவந்து, வெள்ளை அணுக்கள் வந்து சேரணும், கார்டிசால் ஓயாம அந்த வீக்கத்தை அடக்கினா ஆறறதும் தள்ளிப்போகும், என் விரலுக்கும் அது தான் ஆகியிருக்கும்னு நெனைக்கறேன். லிவர் சுகரைத் தயார் பண்ணிட்டே இருந்தா ஏற்கனவே சுகர் இருக்கறவங்களுக்கு மாத்திரை சரியா போட்டும் அளவு ஏறும். இனிப்பு மேல ஆசை வரும், வயித்தைச் சுத்தி கொழுப்பு சேரும். படுக்கையில இருக்கறவருக்கு சுகர் டெஸ்ட் எடுக்க வீட்டுக்கு ஆள் வரும்போது கூட இருக்கறவங்களும் ஒரு தடவை விரலை நீட்டுங்க, மூணு மாசத்துக்கு ஒருதடவை பிபியும் பாத்துக்கோங்க.

மூளைல என்ன ஆகுது

மொட்டைமாடி டேங்க்ல தண்ணி நிறைஞ்சா மிதவை மேல வந்து வால்வை மூடுதுல்ல, அதே மாதிரி கார்டிசால் போதும்னு மூளைக்கு சொல்ற இடங்கள்ல முக்கியமானது ஹிப்போகேம்பஸ்ங்கற மூளைப் பகுதி. ஞாபகத்துக்கும் அது தான் பொறுப்பு. ப்ரூஸ் மெக்கீவன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி 1968ல எலி மூளைல பாத்தப்போ ஸ்ட்ரெஸ் ஹார்மோன் போய் நிறைய ஒட்டிக்கற இடமே அது தான்னு கண்டுபிடிச்சார். ரொம்ப நாள் கார்டிசால் அதிகமாவே இருந்தா அங்க நரம்பு செல்லோட கிளைகள் சுருங்கும், மிதவை சரியா வேலை செய்யாது, அப்போ இன்னும் கார்டிசால் வரும். சமையல்கட்டுக்குப் போய்ட்டு எதுக்கு வந்தோம்னு நிக்கறோமே, மாத்திரை கொடுத்தோமா இல்லையான்னு சந்தேகம் வருதே, அதுக்கு நமக்கு வயசாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

நம்ம பக்கத்துல பெங்களூருல என்சிபிஎஸ்ங்கற உயிரியல் ஆராய்ச்சி மையத்துல சுமந்த்ர சட்டர்ஜியும் அவரோட குழுவும் 2002லயும் 2004லயும் எழுதின ரெண்டு ஆராய்ச்சி என் மனசுல அப்படியே நிக்குது. பத்து நாள் தினமும் ரெண்டு மணி நேரம் எலியை அசைய விடாம வச்சா ஹிப்போகேம்பஸ்ல கிளைகள் சுருங்குது, ஆனா அமிக்டலால கிளைகள் அதிகமா வளருது. அதுக்கப்புறம் 21 நாள் நிம்மதியா விட்டா ஹிப்போகேம்பஸ் பழையபடி ஆயிடுது, அமிக்டலா மட்டும் இறங்கல, எலி இன்னும் பயந்துட்டே இருக்கு. எலி வேற மனுஷன் வேற, தெரியும், ஆனாலும் ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வந்து எல்லாம் சரியான பிறகும் போன் அடிச்சா திடுக்குங்குதே, அது சீக்கிரம் போகலன்னு உங்களை நீங்களே கோவிச்சுக்காதீங்க. ஞாபகம் திரும்பறதை விட பயம் இறங்க நாளாகும்.

ஒரு நாளைக்கு நாலஞ்சு முடிவு

இந்த ஹார்மோன் எல்லாம் பாம்பைப் பாத்து ஓடறதுக்குன்னு வந்தது, ஓடி முடிச்சா முடிஞ்சுது. நம்ம வீட்டுல அப்படி ஒரு முடிவு தானா வராது, அப்பா நாளைக்கும் படுக்கையில தான் இருப்பார். அதனால முடிவை நாம வைக்கணும், சின்னச் சின்னதா.

தூக்கம் தான் பெருசு. 1997ல சிகாகோல ஈவ் வான் காட்டர் டீம் ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பாத்தப்போ மறுநாள் சாயங்காலம் கார்டிசால் 37 சதவீதம் அதிகமா இருந்துச்சு, ஒரே ஒரு ராத்திரில. வீட்டுல ரெண்டு பேர் இருந்தா ரெண்டு பேருமே ராத்திரி முழுக்க அரைத்தூக்கத்துல கிடக்காதீங்க, எல்லா வீட்டுலயும் இந்தத் தப்பு நடக்குது. பத்துலேர்ந்து மூணு வரைக்கும் ஒருத்தர் முழுப்பொறுப்பு, மூணுலேர்ந்து எட்டு வரைக்கும் இன்னொருத்தர், தூங்கறவர் வேற ரூம்ல கதவைச் சாத்திட்டுத் தூங்கணும். தனியா இருக்கறவங்க மத்தியானம் அரை மணி நேரத்துக்குப் பக்கத்து வீட்டுல ஒருத்தரை உக்கார வைங்க, வெக்கப்படாம கேளுங்க. மது குடிச்சுட்டு தூங்கலாம்னு சில ஆம்பளைங்க நெனைக்கறாங்க, ஆரம்பத்துல தூக்கம் வரும், பாதி ராத்திரிக்கு மேல தூக்கம் உடைஞ்சு உடைஞ்சு வரும், வேணாம்.

காபி எனக்கு உயிர், டிகாக்‌ஷன் வாசனை இல்லாம விடியாது. ஆனா காபில இருக்கற கஃபீன் பாதியா கொறையவே அஞ்சு மணி நேரம் பக்கம் ஆகும், அது அட்ரினலினையும் கார்டிசாலையும் கொஞ்சம் ஏத்தும், அதனால மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல விட்டுட்டேன். காலைல முதல் டம்ளரை வாசல்ல வெயில்ல நின்னு குடிக்கறேன், காலை வெளிச்சம் பட்டா உடம்பு கடிகாரம் ஒழுங்காகும், ராத்திரி இறங்க வேண்டியது இறங்கும்.

சாப்பாட்டை விடாதீங்க. பசிச்சா கார்டிசால் தான் வந்து சுகரை ஏத்திக் கொடுக்கும். ட்யூப்ல அவருக்கு ஊத்தற நேரம் உங்களுக்குப் பாடமா தெரியும்ல, காலை, மத்தியானம், ராத்திரி அந்த மூணு வேளைல அவருக்கு ஊத்தின உடனே நீங்களும் தட்டை எடுத்து உக்காருங்க.

அடுத்தது எனக்கு ரொம்ப உதவினது, சுவத்துல ஒட்டின ஒரு பேப்பர். ஜே வைஸ்னு ஒரு விஞ்ஞானி எலிங்களுக்கு ஷாக் கொடுத்துப் பாத்தார், ஷாக் வரப்போகுதுன்னு முன்கூட்டி சத்தம் கேட்ட எலிக்கு வயித்துப்புண் கம்மி, எப்போ வரும்னே தெரியாத எலிக்கு அதிகம், ரெண்டுக்கும் ஷாக் என்னமோ ஒரே அளவு தான். என்ன நடக்கும்னு தெரியாத பயம் தான் நம்மளையும் அரிக்குது. அதனால டாக்டர் கிட்டயே கேட்டு எழுதி வாங்கினேன், மேல் பிபி எவ்ளோவுக்கு மேல போனா கூப்பிடணும், ஃபிட்ஸ் வந்தா என்ன பண்ணணும், எப்போ உடனே 108 அடிக்கணும், எது வந்தா காலைல வரைக்கும் பொறுக்கலாம். அந்த கடைசி வரி தான் தங்கம், ராத்திரி வர்ற பாதி பயம் அந்த லிஸ்ட்ல தான் இருந்துச்சு.

வெளி உதவிக்கு, தமிழ்நாட்டுல மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்லேர்ந்து இருக்கு, படுக்கையில இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலி நிவாரண சிகிச்சை, பிபி சுகர் மாத்திரை கொடுப்பாங்க, உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு கொடுங்க. பிசியோ வர்ற அந்த நேரம் நீங்க வெளிய ஒரு நடை போய்ட்டு வரலாம்.

பண்ணக் கூடாதது

யாராவது ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாளா போடறீங்கன்னா, அது கார்டிசால் மாதிரியே வேலை செய்யற மருந்து, கார்டிசால் கெட்டதுன்னு எங்கயோ கேட்டுட்டு திடீர்னு நிறுத்திடாதீங்க. வெளிலேர்ந்து வந்துட்டே இருக்கறதால உங்க அட்ரினல் வேலையை நிறுத்தி வச்சிருக்கும், சட்டுனு விட்டா பிபி விழுந்து உயிருக்கே ஆபத்து, டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா தான் கொறைக்கணும். அமுக்கரா சூரணம் கார்டிசாலைக் கொறைக்கும்னு விக்கறாங்க, சின்ன ஆராய்ச்சிகள்ல கொஞ்சம் பலன் தெரிஞ்சுது, ஆனா சிலருக்கு லிவர் பாதிச்சிருக்கு, டாக்டர் கிட்ட கேக்காம ஆரம்பிக்காதீங்க. அட்ரினல் களைச்சுப்போச்சுன்னு சொல்லி பவுடர் விக்கறவங்களை நம்பாதீங்க, அப்படி ஒரு நோயை ஹார்மோன் டாக்டர்ஸ் ஒத்துக்கறதில்ல. கார்டிசால் டெஸ்ட்டும் சும்மா எடுக்க வேணாம், நேரத்துக்கு நேரம் மாறும். ஆனா முகம் உருண்டையாகி, லேசா இடிச்சாலே கன்னிப்போய், வயித்துல ஊதா கலர்ல கோடு விழுந்து, உக்காந்தா எந்திரிக்க தொடைல பலம் இல்லன்னா அது சாதாரண ஸ்ட்ரெஸ் இல்ல, டாக்டரைப் பாருங்க.

தூங்க வாய்ப்பு கிடைச்சும் ரெண்டு வாரமா தூக்கமே இல்ல, எதுலயும் மனசு ஒட்டல, செத்துடலாம்னு தோணுதுன்னா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க.

அப்புறம் கூடப்பொறந்தவங்க விஷயம். உதவி பண்ணுங்கன்னு பொதுவா சொன்னா யாருக்கும் புரியறதில்ல, என் அண்ணனுக்கும் புரியல. சனிக்கிழமை காலைல ஒன்பதுலேர்ந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு வரைக்கும் நீ, மாசத்துக்கு ரெண்டு தடவைன்னு நேரத்தோட சொன்னேன், சரின்னுட்டான். முதல் தடவை சித்தி வீட்டுல போய்ப் படுத்தேன், அண்ணன் நாலு தடவை போன் பண்ணினான், மாத்திரை எங்க, துண்டு எங்கன்னு, ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு தூக்கிப்போட்டுச்சு. அடுத்த தடவை போறதுக்கு முன்னாடி எந்தப் பொருள் எங்க இருக்குன்னு எழுதி அதே பேப்பர் பக்கத்துல ஒட்டிட்டு, காய்ச்சல், மூச்சுத்திணறல், ஃபிட்ஸ் இந்த மூணுக்கு மட்டும் தான் கூப்பிடணும்னு சொல்லிட்டுப் போனேன். போன் அடிக்கவே இல்ல, சாயங்காலம் அஞ்சு மணிக்குப் படுத்தவ மறுநாள் காலைல ஏழு மணிக்குத் தான் எந்திரிச்சேன்.